பதினாறு வயதில் தீர்மானமாகும் பட்டம்

முள்ளிவாய்க்காலில் இருந்து 2009 இல் கைக்குழந்தைகளாகத் தப்பி வந்த பிள்ளைகள் இப்போது உயர்தர வயதை எட்டிவிட்டார்கள். "எதைப் படிச்சால் வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017 இல் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் செயலக வாசல்களில் மாதக்கணக்கில் இருந்து போராடியதைக் கண்டவர்கள் அவர்கள். 2020 இல் அரசு பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்த்தது. பலருக்குப் படித்த பாடத்துக்கும் கிடைத்த கதிரைக்கும் தொடர்பே இருக்கவில்லை.

கலைப்பட்டம் படித்ததுதான் பிழை என்று பலர் சொல்கிறார்கள். அது அநியாயம். பட்டத்தின் திசை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தீர்மானமாவதில்லை. சாதாரணதரம் முடித்து உயர்தரப் பிரிவைத் தெரிவுசெய்யும்போதே முடிந்துவிடுகிறது. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். 2013 இல் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவுக்கு ஆய்வுகூடமும் அந்தப் பாடங்களுக்கான ஆசிரியர்களும் வேண்டும். இவை இல்லாத பாடசாலையில் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவதைத் தெரிவு என்று சொல்ல முடியாது.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போகிறது. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் அவற்றில் ஒன்று. ஆனால் கற்கைநெறிக்கு வேண்டிய பாடத்தையே உயர்தரத்தில் படிக்க வழியில்லாத பிள்ளைக்கு இந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்?

வன்னியிலேயே இடங்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். தகவல் தொழில்நுட்பம், செயற்றிட்ட முகாமைத்துவம் போன்ற தொழில்சார் பட்டங்களை அங்கே படிக்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகும் இரண்டு தடைகள் இருக்கின்றன. தமிழில் படித்து வந்த பிள்ளை இந்தப் பட்டங்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். அடுத்தது தொழிற்பயிற்சி. கம்பனிகள் பெரும்பாலும் கொழும்பில் இருப்பதால் அங்கே அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் மாதாமாதம் வேண்டும். நந்திக்கடலில் இறால் பிடித்து வாழும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? ஆனால் வேலைக்கு எடுப்பவர் முதலில் கேட்பது இந்தப் பயிற்சி அனுபவத்தைத்தான். பயிற்சிக்காலக் கொடுப்பனவு இல்லாமல் தொழில்சார் பட்டம் என்று பெயர் வைத்துப் பயனில்லை.

உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்களுக்கும் வழி மூடவில்லை. அறிவியல் நகரிலேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையில் படிப்படியாக ஏறினால் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். இதைப் பல வீடுகளில் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். கையில் தொழிலோடு வெளியே வரும் பிள்ளையை அப்படிப் பார்க்கக் கூடாது.

சாதாரணதரம் எழுதும் பிள்ளை உள்ள பெற்றோரே, பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று இப்போதே விசாரியுங்கள். இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.