இற்றைப்படுத்தலில் உடையாத கணினி: கே.டி.ஈ லினக்ஸ் எதை முதலில் செய்ய வேண்டும்?

கணினி இற்றைப்படுத்தப்படும்போது மின்சாரம் தடைப்பட்டால் என்ன நடக்கும்? வழக்கமான லினக்ஸ் இயங்குதளங்கள் நூற்றுக்கணக்கான மென்பொருட் பொதிகளை ஒவ்வொன்றாக மாற்றுகின்றன. அந்த வேலை பாதியில் நின்றால், மறுமுறை கணினி திறக்காமலே போகலாம். உள்ளே உள்ள கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. ஆனால் அவற்றை மீட்க விபரம் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்ததே 'இமேஜ்' முறை. இதில் இயங்குதளம் முழுவதும் பூட்டப்பட்ட ஒரே தொகுதியாக வருகிறது. புதிய பதிப்பு பழையதன் மேல் எழுதப்படாமல், அதற்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. புதியது வேலை செய்யாவிட்டால், கணினியைத் தொடக்கும்போது பழையதைத் தெரிவு செய்து திரும்பலாம். பயனரின் கோப்புகள் தனியாகவே இருக்கும். ஃபெடோரா சில்வர்புளூ 2018 முதல் இந்த வழியில் செல்கிறது. கே.டி.ஈ சமூகம் தனது 'கே.டி.ஈ லினக்ஸ்' இயங்குதளத்தின் ஆரம்பச் சோதனைப் பதிப்பை 2025 செப்டெம்பரில் வெளியிட்டது.

இத்தகைய திட்டத்தில் உழைப்போர் சிலரே. எனவே எதை முதலில் செய்வது என்பதே முக்கிய கேள்வி.

முதலாவது, தரவிறக்க அளவு. சிறு பிழையொன்றைத் திருத்துவதற்கும் முழு இமேஜையும் இறக்கினால் பல ஜிகாபைட் செலவாகும். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் முறை இல்லாவிட்டால், டேட்டாவை அளந்து வாங்குபவர் இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடுவார். பாதுகாப்பும் அத்துடன் போய்விடும்.

இரண்டாவது, பழைய கணினிகள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. ஆனால் பூட்டப்பட்ட இயங்குதளத்தில், இமேஜில் இல்லாத சாரதி மென்பொருளைப் பயனர் பின்னர் சேர்ப்பது கடினம். பழைய என்விடியா அட்டைகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

மூன்றாவது, செயலிகள். இவை பெரும்பாலும் ஃபிளாட்பக் வழியாக வருகின்றன. அவ்வாறு கிடைக்காதவற்றுக்கு, கட்டளை தெரியாதவரும் பின்பற்றக்கூடிய வழி தேவை. தோற்ற அழகு இவற்றுக்குப் பின்னரே.

ஒன்றை மறக்கக்கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்புவது இயங்குதளத்தை மட்டுமே காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்பையோ பழுதான வன்வட்டையோ அல்ல. ஆவணங்களை இழப்பதன் வலியை இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. எந்த இயங்குதளமானாலும், முக்கிய ஆவணங்களின் பிரதியொன்றை வேறோரிடத்தில் வைத்திருங்கள். வீட்டிலுள்ள ஒரே கணினியில் சோதனைப் பதிப்பை நிறுவாதீர்கள்.