பத்தாம் நாளில் நிறுத்தப்படும் மாத்திரை



மனச்சோர்வுக்கென மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பத்தே நாளில் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவரானாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை நடத்துபவரானாலும், சொல்லும் காரணம் ஒன்றுதான்: மனம் தெளியவில்லை, வயிறுதான் புரட்டுகிறது.

அவர்கள் சொல்வது பொய்யல்ல. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், புளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளில் தொந்தரவு முதலில் வரும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். இவை செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியாகச் செயல்படுகின்றன. நம் உடலில் அதன் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. எனவேதான் குமட்டலும் பேதியும். தலைவலி, படபடப்பு, தூக்கமின்மையும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இவை தணியும். சாப்பிட்டபின் மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். தவக்காலத்தில் வெறும் வயிற்றோடு மாத்திரை விழுங்குகிறவர்கள் கவனிக்க: நோயுற்றோரைத் திருச்சபை நோன்புக் கடமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல் தரும். இயந்திரத்தருகே நிற்பவர்கள் தங்கள் ஷிப்டு நேரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெளியே சொல்லக் கூசும் விளைவு ஒன்றும் உண்டு. இல்லற உறவில் நாட்டம் குறையலாம். இது தானாகத் தணியாமலும் இருக்கலாம். காரணம் தெரியாத தம்பதியர் ஒருவரையொருவர் சந்தேகிக்கின்றனர். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தர இயலும்.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஏற்படலாம். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஆனால் ஓர் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. 25 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2000-களிலேயே எச்சரிக்கப்பட்டுள்ளது. பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டுத் திருப்பலிக்கு வருகிறவரை நாம் அப்படிச் சொல்வதில்லையே! சீராக் 38-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. இரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணமில்லை.