கச்சான் பிந்தும் ஆண்டுகள்

நெல்லிவாசல்நாட்டு மலையில் சாமை விதைப்பவர்கள் காத்திருக்கும் தென்மேற்குப் பருவம்தான் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை மீன்களுக்கும் வேண்டியிருக்கிறது. மலையில் அது மழையாக வருகிறது; ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள தீவுகளைச் சுற்றிக் காற்றாக வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கடல் அலையடங்கிக் கிடக்கும். ஆழமில்லாத பவளப் பார்களில் வெயில் அடிவரை இறங்கும். தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பவளங்கள் தம் திசுவுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளுக்கத் தொடங்கும். கச்சான் எனப்படும் அந்தப் பருவக் காற்று எழுந்து கடலைக் கலக்கியதும் சூடு தணியும், பல பவளங்கள் நிறம் திரும்பும். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் இந்த வாட்டத்தால் மீன்களுக்குப் பெரிய கேடு இல்லை. கேடு வருவது, எல் நினோவால் கடல் முன்பே சூடேறியிருக்கும்போது கச்சானும் பிந்திவிட்டால்தான். அப்போது வெளுத்த பவளம் பட்டினியில் செத்துப்போகிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெருவெளுப்பு நேர்ந்தது. 2016-இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகச் சரிந்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

இத்தனை பவளம் செத்தும் வலையில் மீன் குறையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் மீன் கூட்டம் ஒரே நாளில் மாறுவதில்லை. பவள மொட்டுகளைக் கொத்தித் தின்னும் பட்டாம்பூச்சி மீன்களும் கிளைப் பவளத்துக்குள் ஒளியும் குட்டி மீன்களும்தான் முதலில் குறையும். இவை சந்தைக்கு வருபவை அல்ல. செத்த பவளத்தின் மேல் பாசி படர்வதால், அதை மேயும் ஓராவும் கிளிமீனும் சில காலம் பெருகவும் கூடும். பிறகு அலையும் துளையிடும் உயிர்களும் எலும்புக்கூடாக நிற்கும் பவளத்தை நொறுக்கிவிட, கலவா மீன் குஞ்சுகளுக்குப் பதுங்கப் பொந்து இருக்காது. செஷல்ஸ் தீவுகளில் 1998-இல் பவளத்தின் பெரும்பகுதி அழிந்தது. அங்கே 1994-இலும் 2005-இலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டபோது சிறிய மீன்கள் குறைந்திருந்தன. நீண்ட ஆயுளுள்ள பெரிய மீன்களோ இன்னும் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றின் இடத்தை நிரப்பும் அடுத்த தலைமுறைதான் மெலிந்துவிட்டது. ஆகவே இந்தப் பருவத்து மீன்பாட்டை வைத்துப் பார் நலமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. மாற்றத்தை அளப்பவர்களும் ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். ஏப்ரலை வாடைக்காலத்து டிசம்பரோடு ஒப்பிட்டால் பருவ வேறுபாடே அழிவாகத் தோன்றும், அல்லது அழிவைப் பருவ வேறுபாடு மறைத்துவிடும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அழித்தது இழுவைமடியும் பவளம் வெட்டியெடுத்ததும்தான், எல் நினோ வெறும் சாக்கு. மனிதர் செய்த சேதம் பெரிது, மறுக்க வேண்டியதில்லை. பவளம் வெட்டுவது நின்ற பிறகு, 2005-இல் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் 2009-இல் 43 சதவீதத்தை எட்டியது. ஆனால் அடுத்த ஆண்டே வெப்பத்தால் அது 33 சதவீதமாக இறங்கியது. அப்போது பவளம் வெட்டுவது நின்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதிலிருந்து தேறி 39-ஐத் தொட்டபோது 2016 வந்தது. பழைய 43-ஐ அது எட்டவே இல்லை. இந்த எண்களிலிருந்து நான் பெறும் முடிவு இது: உள்ளூர்ப் பாதுகாப்பால் வெப்ப அலையைத் தடுக்க முடியாது, இரண்டு அலைகளுக்கு நடுவே பார் தேறும் வேகத்தைக் கூட்ட முடியும். அடிப்படைக் கடல் வெப்பம் ஏறி அந்த இடைவெளி சுருங்கச் சுருங்க, அந்த வேகத்தின் மதிப்பும் கூடுகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. பார் வெளுக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே என்பது நல்வாய்ப்பு. ஆனால் பார் ஓரத்தில் நாட்டுப்படகிலிருந்து இறக்கும் மீன்பிடிக் கூடுகள் இந்தத் தடைக்குள் வருவதில்லை. ஓராவும் கிளிமீனும் அவற்றில் நிறையவே விழுகின்றன. செத்த பவளத்தின் மேல் பாசியைச் சுரண்டி, புதிய பவளக் குஞ்சு ஒட்ட வெற்றிடம் தருபவை அந்த மீன்களே. பெருவெளுப்பு நேரும் ஆண்டில் மட்டுமாவது, கச்சான் ஓய்ந்த பிறகும் சில மாதங்கள் அந்தக் கூடுகளை இறக்காமல் இருக்கலாம். அந்த மாதங்களுக்கான வருமான இழப்பைக் கூட்டுக்காரர்களின் தலையில் கட்டாமல், தடைக்கால நிவாரணத்தைப் போலவே அரசு தர வேண்டும்.