தாத்தா சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்!

வீட்டுத் திண்ணையோரம் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்று நிற்கிறதா? அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்! எடையைக் குறைத்து மறுபடியும் ஓட்டலாம்.

வத்திராயிருப்பு பக்கத்தில் உள்ளது வ. புதுப்பட்டி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். தென்னையும் நெல்லும் விளையும் பூமி. தோப்புக்குப் போகவும் வயலுக்குப் போகவும் ஒரு காலத்தில் சைக்கிள்தான் துணை. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று சொன்னாலே பெரியவர்கள் முகம் மலரும். 1949-ல் ஆரம்பமான டி.ஐ. சைக்கிள் கம்பெனி அந்தப் பெயர்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

அந்த வண்டிகள் சுமைக்காகவே பிறந்தவை. எடை ஏறக்குறைய 20 கிலோ! இன்றும் புல்லுக்கட்டும் தேங்காய் மூட்டையும் ஏற்றுகிறவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். ஆள் மட்டும் ஏறிப் போகிறவர்களுக்குத்தான் இந்த யோசனை.

முதலில் சக்கரம்

செயின் மூடி, கனத்த ஸ்டாண்டு இவற்றைக் கழற்றினால் கொஞ்சம் குறையும். ஆனால் காலுக்குத் தெரிவது சக்கரத்தின் எடை. சக்கர விளிம்பு முன்னேயும் ஓட வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் விளிம்பில் கால் கிலோ குறைந்தால், நின்று கிளம்பும்போது அரைக் கிலோ குறைந்தது போல இருக்கும்.

எனவே இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம் போடலாம். ஒரே அளவுள்ள இரும்பின் எடையில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்குதான்.

அளவில் ஏமாறாதீர்கள்!

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. பழைய டயரிலும் 28 அங்குலம் என்று இருக்கும். புது டயரிலும் 28 என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல! டயரின் ஓரத்தைப் பாருங்கள். பழையதில் 635, புதியதில் 622. இது மில்லிமீட்டர் கணக்கு. ஒன்றின் டயர் மற்றதில் சேராது.

இன்னொரு சங்கதி. பழைய வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. இன்றைய ரிம்களில் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைதான். ஆகவே பின் ஹப்பையும் மாற்ற வேண்டிவரும். கியர் வைத்த ஹப் வாங்கிவிடாதீர்கள். அது அகலமானது, பழைய பிரேமுக்குள் நுழையாது.

பிரேக்கை மறக்கலாமா?

உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய கம்பி பிரேக், ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பது. புது ரிம்மில் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். ரிம்மை மட்டும் மாற்றிப் பிரேக்கை விட்டுவைத்தால் வண்டி நிற்காது! கை நீளமான வயர் பிரேக் போட வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மைவிட அலுமினிய ரிம்மில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

அவ்வளவு செலவுக்குக் கையில் பணம் இல்லையா? 18 பல் பிரீவீலுக்குப் பதில் 22 பல் போடுங்கள். செயினில் கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். வேகம் குறையும், ஆனால் மேட்டில் மிதிப்பது ஐந்தில் ஒரு பங்கு லேசாகும். டயரில் காற்றும் குறையாமல் இருக்கட்டும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

புதுச் சக்கரம் பூட்டிய அன்றே பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பெரியவர் ஒருவர் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கட்டும். ஓட ஓடப் போக்ஸ் கம்பிகள் தளரும். ஒரு வாரம் கழித்துக் கடைக்குக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்துவிடுங்கள்.