மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் எழுந்த ஸாஹிறா: ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டடமும் அதைத் தாங்கிய தலைவர்களும்

மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பத்தாவது முடிச்சுட்டானா? போதும். திருப்பூர்ல கம்பெனிக்கு அனுப்பிடுங்க, வாரச் சம்பளம் வந்துரும்." இதைச் சொல்லும் தகப்பன்மார்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாடகையும் தங்கையின் நிக்காஹ் செலவும் அவர்கள் கண்முன்னே நிற்கின்றன. ஆனால் ஒரு சமுதாயமே இப்படி முடிவெடுத்தால் முப்பது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த நிலையிலிருந்து மீண்டு வந்த வரலாறும் அங்கேயே இருக்கிறது. அதுதான் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் வரலாறு. இலங்கையில் உயர்நிலைப் பள்ளிகளையும் 'கல்லூரி' என்றே அழைப்பார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவும்.

பள்ளிக்கூடம் இல்லாத சமுதாயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல. இதே அச்சம் மற்றவர்களுக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-லேயே சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். கொழும்பில் பௌத்தர்களுக்கு 1886-ல் ஆனந்தக் கல்லூரி வந்தது. முஸ்லிம் பிள்ளைகளோ குர்ஆன் ஓதி முடித்ததும் கடைக்குப் போனார்கள். விளைவு, நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் முஸ்லிம்களைக் காண்பது அரிதாயிற்று.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் கண்டியில் 1838-ல் பிறந்த வழக்கறிஞர் எம்.சி. சித்தி லெப்பை (ரஹ்). 1882-ல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கி, கல்வி, கல்வி என்று எழுதினார். 1885-ல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை' இவருடையதே. தமிழின் மிகத் தொடக்ககால நாவல்களில் ஒன்று அது. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியவர் இவர்.

1883-ல் கொழும்புக்கு ஒரு விருந்தாளி வந்தார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்று நாடு கடத்தப்பட்ட அஹ்மத் உராபி பாஷா. மக்கள் அவரை 'அறபி பாஷா' என்றார்கள். தலையில் துருக்கித் தொப்பியும் நாவில் அரபியும் கொண்ட இந்தப் படைத்தலைவரே "நவீனக் கல்வி கற்றால் தீன் போய்விடாது" என்ற நம்பிக்கைக்குச் சாட்சியாக நின்றபோது, சித்தி லெப்பையின் குரலுக்கு எடை கூடியது.

கொத்தனாரும் கொடையாளரும்

ஆசையும் ஆலோசனையும் இருந்தன. கட்டடம்? அதற்கு முன்வந்தவர் வாப்பிச்சி மரைக்கார். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய பெரும் ஒப்பந்தக்காரர் இவர்தான். அருங்காட்சியகம் கட்டி முடித்ததும் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கவர்னர் கிரிகரி கேட்டதாகவும், "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள், அது போதும்" என்று இவர் கேட்டதாகவும் இலங்கை முஸ்லிம்கள் இன்றும் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் மாளிகை கட்டிய அந்தக் கை, தன் சமுதாயப் பிள்ளைகளுக்கும் ஒரு கூரை போட முன்வந்தது.

1892 ஆகஸ்ட் 22 அன்று, அறபி பாஷாவின் ஆதரவோடு, மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் மத்ரஸத்துஸ் ஸாஹிறா திறக்கப்பட்டது. இடத்தைக் கவனியுங்கள். பாங்கு ஒலிக்கும் இடத்திலேயே பாடமும். பிள்ளை ஆங்கிலம் படிப்பான். லுஹர் தொழுகைக்கு நாலு எட்டு வைத்தால் போதும். பெற்றோரின் அச்சத்துக்கு ஆயிரம் பேச்சுகளால் சொல்ல முடியாத பதிலை அந்த இடத்தேர்வு சொன்னது.

பள்ளியை உயர்த்திய இருவர்

கட்டடம் எழுப்பினால் மட்டும் பள்ளி நடந்துவிடாது. முதல் முப்பது ஆண்டுகள் ஸாஹிறா தள்ளாடித்தான் நடந்தது. என்.எச்.எம். அப்துல் காதர் போன்றவர்கள் அதை விழாமல் பிடித்து நிறுத்தினார்கள். 1921-ல் டி.பி. ஜாயா அதிபராக வந்தபோது மாணவர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை.

ஜாயா மலாய் முஸ்லிம். அதற்கு முன் ஆனந்தக் கல்லூரி என்ற பௌத்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அடுத்தவர் தம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை உள்ளிருந்து பார்த்துவிட்டு வந்தவர். 1948 வரை 27 ஆண்டுகள் ஸாஹிறாவில் இருந்தார். இடையில் சட்டசபை உறுப்பினரும் ஆனார். ஆனாலும் பள்ளியை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பள்ளிக் கட்டடங்கள் ராணுவத்தின் கைக்குப் போயின. அந்தக் காலத்தில்தான் ஸாஹிறா கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் என்று கிளைவிட்டது. கொழும்புக் கூரை போனது, நாலு ஊரில் கூரை வந்தது. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்த ஜாயா, 1960-ல் ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் மதீனாவில் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911-ல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஐ.ஏ.எஸ். பதவி. கல்முனையில் அதிகாரியாக இருந்தபோது ஏழை முஸ்லிம் மாணவர்களின் நிலையைக் கண்டு, 1945-ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். 1948-ல் அந்தப் பதவியையே ராஜினாமா செய்துவிட்டு ஸாஹிறா அதிபர் நாற்காலியில் அமர்ந்தார். 1961 வரை அங்கே இருந்தார். மகனுக்கு அரசு வேலை கிடைக்க வேண்டும் என்று நாம் துஆ செய்கிறோம்; கிடைத்த உச்சப் பதவியைப் பள்ளிக்கூடத்துக்காக விட்டு வந்த மனிதர் இவர்.

அஸீஸ் காலத்து ஸாஹிறாவில் தமிழும் தழைத்தது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே பயின்றவர். முஸ்லிம் பள்ளி என்பதற்காக மற்றவருக்குக் கதவு மூடப்படவில்லை. அஸீஸ் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' இன்றும் பேசப்படும் தமிழ் நூல்.

ஆண்பிள்ளைகளோடு இந்தக் கதை முடியவும் இல்லை. வாப்பிச்சி மரைக்காரின் பேரன் சர் ராசிக் பரீத், 1946-ல் கொழும்பு பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். பாட்டனாரின் கொடை பேரன் காலத்தில் பெண்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது.

நமக்கு இதில் என்ன?

முதலாவது, தீன் கல்வி, துன்யா கல்வி என்று பிள்ளையை இரண்டாகக் கூறு போட வேண்டியதில்லை. பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதையே விடுதலைக்கான ஈடாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை சீறா நூல்கள் சொல்கின்றன. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, பணம் பற்றிய மார்க்கத் தெளிவு. ஸகாத்தைக் கொண்டு பள்ளிக் கட்டடம் கட்டுவதை ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை. அதற்கு வக்ஃபும் ஸதக்காவும் இருக்கின்றன. ஆனால் படிக்க வசதியற்ற ஏழை மாணவர், ஏழை என்ற அடிப்படையில் ஸகாத் பெறத் தகுதியானவரே. வாப்பிச்சி மரைக்காரின் வழியும் அஸீஸின் வழியும் ஆக இரண்டுமே நமக்குத் திறந்திருக்கின்றன.

மூன்றாவது, தொடக்கத்துக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மக்தப் மதரஸா நடக்கும் அதே கூடம் இஷாவுக்குப் பின் காலியாகத்தான் கிடக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் யார் யார் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பட்டியல் எடுக்கட்டும். கம்பெனிக்குப் போகும் பையன் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத, மாலையில் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒரு பட்டதாரி கிடைக்காமலா போவார்? மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகும் பருத்தி, நூலாகி, துணியாகி, பனியனாகும்போதுதான் அதன் விலை ஏறுகிறது. நம் பிள்ளைகளை மட்டும் ஏன் பஞ்சாகவே விற்றுவிட வேண்டும்?

சித்தி லெப்பை 1898-ல் மறைந்தார். ஜாயாவின் ஸாஹிறாவை அவர் பார்க்கவில்லை. தாம் நட்டதன் நிழலில் உட்கார அவருக்கு வாய்ப்புக் கிடைக்காவிட்டாலும், ஸதக்கத்துல் ஜாரியாவின் கணக்கு அவர் பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்த முன்னோர்களின் பணிகளை வல்ல அல்லாஹ் கபூல் செய்வானாக. நம் ஜமாஅத்துகளுக்கும் அத்தகைய மனிதர்களைத் தந்தருள்வானாக. ஆமீன்.