மரத்த காலும் நானும் – 11: யார் கணக்கில் எழுதுவது?

கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது மடல், உச்சந்தலை என்று ஏறியது. அடுத்த நிமிடம் நைட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. முகம் கழுவலாம் என்று கட்டிலிலிருந்து இறங்கினேன். வலது கால் தரையைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால், இடது கண்ணுக்கு முள்ளும் எண்ணும் ஒரே புகை. போச்சு, ரிலாப்ஸ், நோய் மறுபடி தாக்கிவிட்டது! மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஸ்டீராய்டு ட்ரிப்ஸ். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடத்தில் வியர்வை காய்ந்தது. காலும் வந்தது, கண்ணும் வந்தது.

காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு இப்ப என்னடி வயசு?"

"நாற்பத்தெட்டுக்கா."

"தூரமாகி எத்தனை மாசம் ஆச்சு?"

விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். "ஏழு."

"எனக்கும் இந்த வயசுலதான். சும்மா உக்காந்திருக்கறப்பவே வேர்த்துக் கொட்டும். உன் நரம்பைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இது அதுதான்."

பத்தொன்பது வருடமாக எம்.எஸ்.ஸோடு குடித்தனம் நடத்துகிறேன். தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உடம்பில் எது நடந்தாலும் அதன் தலையில் போட்டுப் பழகிவிட்டதில், மாதவிடாய் நிற்கும் வயது எனக்கும் வரும் என்பதே நினைவில் இல்லாமல் போயிருக்கிறது.

1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதிவைத்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடம்பை வருத்தி நடந்தால் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் தெளிகிறது. நடையினால் ஏறும் சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை உரிந்த இடத்தில் மின்துடிப்பு தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அங்கே நின்றுவிடக்கூடும். தணிந்தால் மறுபடி ஓடும். புதிதாக எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஸ்கேன் இல்லாத காலத்தில் ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, கண் மங்குகிறதா, கால் தளர்கிறதா என்று பார்த்து இந்த நோயைச் சந்தேகித்திருக்கிறார்கள். எனக்குத் தொட்டி எதற்கு? எங்கள் ஊர் மே மாதமே போதும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. இம்மியளவு சூடு ஏறினாலும், ஊரே தீப்பற்றிய மாதிரி ரத்தத்தைத் தோலுக்கு விரட்டி வியர்வையைத் திறந்துவிடுகிறது. மற்ற பெண்களுக்கு வியர்வையோடு போய்விடும். எனக்குக் காலும் கண்ணும் அதோடு ஒரு நடை போய்விட்டு வருகின்றன.

வியர்வையாவது பரவாயில்லை. களைப்பு, தூக்கமின்மை, வாய்வரை வந்த பெயர் மறந்துபோவது, பாத்ரூமுக்கு ஓட்டம், காரணமே இல்லாத அழுகை... இதில் எதை எடுத்தாலும் இரண்டுக்கும் சொந்தம். மகளிர் மருத்துவரிடம் போனால் "உங்க நியூரோ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். நியூரோ டாக்டர், "இது லேடி டாக்டர் பார்க்க வேண்டியதும்மா" என்றார். இரண்டு அறைக்கும் நடுவே லிஃப்ட் இருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு நோட்டுப் போட்டேன். நியூரோ டாக்டர் சொன்ன கணக்கு: காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல், ஒரு தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால்தான் ரிலாப்ஸ் என்று யோசிக்க வேண்டும். நிமிடங்களில் வந்துபோவது அதில் சேராது. நோட்டில் இரண்டு கட்டம் கிழித்து, ஒன்றில் 'எம்', இன்னொன்றில் மெனோபாஸுக்கு 'மெ' என்று எழுதிக்கொண்டு, பலசரக்குக் கடைப் பற்றுவரவு மாதிரி ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டேன்.

ஜூலையில் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. சிறுநீர் போகும்போது எரிச்சல். வறட்சியாக இருக்கும் என்று 'மெ' கட்டத்தில் எழுதினேன். ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு இறங்கக் கால் ஒத்துழைக்கவில்லை. அதை 'எம்' கட்டத்தில் எழுதினேன். சோதித்துப் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. காய்ச்சல்கூட இல்லை. ஆன்டிபயாடிக் முடியும்போது நடந்துவிட்டேன். எம்.எஸ். இருந்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை, தேங்கியதில் கிருமி வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சிறுநீர்ப் பாதையின் உட்பரப்பு மெலிந்து கிருமிக்குக் கதவு திறக்கிறது. கூட்டுக்களவுக்கு ஒருத்தர் பேரில் மட்டும் பற்று எழுத முடியுமா?

இந்தக் குழப்பம் எனக்குப் புதிதும் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் இடது கண் மங்கியது, கண்ணை அசைத்தால் வலித்தது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பத்திய ரசம் வைத்துக் கொடுத்தார்கள். எம்.எஸ். என்று பெயர் தெரிய இன்னும் மூன்று வருடம் ஆனது. ஐரோப்பாவில் 12 நாடுகளைச் சேர்ந்த 254 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998-லேயே வெளிவந்துவிட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ரிலாப்ஸ் வெகுவாகக் குறைகிறது, பிரசவமான முதல் மூன்று மாதங்களில் திரும்பி வந்து தாக்குகிறது என்று அதில் இருந்தது. அன்றைக்கு நரம்பு சொன்னதைப் பிள்ளைப்பேற்றுக் கணக்கில் எழுதினார்கள். இன்றைக்கு வயது சொல்வதை நானே நரம்பின் கணக்கில் எழுதுகிறேன்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே தலைவலிதான். வயது ஏற ஏற ரிலாப்ஸ் குறைகிறது, நடை மட்டும் மெல்லத் தளர்ந்துகொண்டே போகிறது. ஐம்பதை ஒட்டி நடப்பதில் வயதின் பங்கு எவ்வளவு, ஹார்மோனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கும் எளிதாக இல்லை.

ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தேன். மகளிர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இப்பவே நியூரோ டாக்டருக்கு ஒரு போன் போடுங்க டாக்டர்" என்று கேட்டேன். நான்கு நிமிடம் பேசினார்கள். எம்.எஸ். இருக்கிறது என்பதற்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை என்றார்கள். அதிகம் நடக்காத காலில் ரத்தம் உறையும் பயம் இருப்பதால், மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் மேல். நரம்பு எரிச்சலுக்கு நான் ஏற்கெனவே விழுங்கும் காபாபென்டின் இந்தச் சூட்டையும் கொஞ்சம் தணிக்கும் என்பதால், பேட்ச்சுக்கு முன்னால் அதன் வேளையை ராத்திரிக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது. சிறுநீர்ப்பைக்கான ஆக்ஸிபியூடினினும் சூட்டைக் குறைக்குமாம். ஞாபகத்தை மங்கவைக்கக்கூடும் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள். இருக்கிற மறதியே தாராளம்.

நோட்டில் இப்போது அந்த இரண்டு கட்டங்கள் இல்லை. தேதி, மணி, என்ன, எவ்வளவு நேரம், ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டதும் குறைந்ததா, அவ்வளவுதான். மூன்று வாரமாகக் காபாபென்டின் ராத்திரியில். நேற்று ஒருமுறைதான் எழுந்தேன், அதுவும் கொசுவுக்காக.

ஆகஸ்டில் அன்றைக்கு அந்தப் போனை வைக்கும் முன் மகளிர் மருத்துவர் என்னிடம் ஒன்று கேட்டார்: "இதுவரைக்கும் எத்தனை தடவை ஸ்டீராய்டு போட்டிருக்காங்க?" ஏழு என்றேன். உடனே எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் ரிப்போர்ட் வருகிறது.

(தொடரும்)