எழுந்ததும் ஏன் கண் இருட்டுகிறது?

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்க அப்பத்தாவுக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. ரொம்ப நாளாக பி.பி. மாத்திரை சாப்பிடுறாங்க. அன்றைக்கு அவங்களை டவுனுக்குக் கூட்டிப் போக வேண்டும். கட்டிலில் படுத்திருந்தாங்க. "அப்பத்தா, பஸ் வந்துரும், சீக்கிரம் எந்திரி" என்று நான் அவசரப்படுத்தினேன். சட்டென்று எழுந்து நின்றாங்க. இரண்டு எட்டு வைப்பதற்குள், "கண்ணை இருட்டுது தாயி" என்று சொல்லிக்கொண்டே விழுந்துட்டாங்க. நெற்றியில் மூன்று தையல்.

பக்கத்து வீட்டில் கண் பட்டுவிட்டது என்றார்கள். அப்பா, "மாத்திரைதான் ஒத்துக்கலை, நிறுத்திருவோம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவசரப்படுத்தியது நான்தானே?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா அப்பத்தாவைப் படுக்க வைத்து பி.பி. பார்த்தாங்க. 150/80 இருந்தது. பிறகு பிடித்து நிற்க வைத்துப் பார்த்தாங்க. 120/70! "பி.பி. கூட இருக்கிறவங்களுக்கு எப்படிக் குறையும்?" என்று கேட்டேன். டாக்டர் சொன்னதையும், பிறகு எங்கள் அறிவியல் டீச்சர் விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு தண்ணீர் பாக்கெட்டைத் தரையில் படுக்க வையுங்கள். தண்ணீர் ஒரே மட்டமாகப் பரவும். அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். அடியில் உப்பிக்கொண்டு மேலே தளர்ந்துவிடும். நம் உடம்பும் அப்படித்தான். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. நாம் எழுந்து நின்றதும் அதில் அரை லிட்டருக்கும் மேல் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். அதனால் மூளைக்குப் போவதும் குறையும்.

அப்படியென்றால் நாம் எல்லோரும் தினமும் விழ வேண்டுமே? விழாததற்குக் காரணம் உண்டு. கழுத்தில் உள்ள ரத்தக் குழாயிலும், இதயத்துக்கு மேலே உள்ள பெரிய குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். பாக்கெட்டின் அடியைப் பிடித்து அமுக்கினால் தண்ணீர் மேலே ஏறுமே, அது போல. இவ்வளவும் சில நொடியில் முடிந்துவிடும்.

வயதானால் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கும், ரொம்ப நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும் அப்படியே. சில பி.பி. மாத்திரைகளாலும் இது வரும். உடம்பில் நீர் குறைந்தாலும் வரும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், இந்தக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பத்தாவுக்கு அதற்கு முந்தின இரண்டு நாளும் வயிற்றுப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை. நீர் குறைந்துபோய், மாத்திரையும் சேர்ந்து கீழே தள்ளிவிட்டது. டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் மாற்றிக் கொடுத்தார். "நீங்களா நிறுத்தினா பி.பி. ஏறி பக்கவாதம் வந்துரும்" என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். படுத்தால் கூடுவதும் நின்றால் குறைவதும் ஒரே ஆளுக்கு வரலாம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

என்ன செய்ய வேண்டும்?

1. படுக்கையிலிருந்து நேராக எழுந்து நிற்கக் கூடாது. முதலில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.
2. ராத்திரி பாத்ரூம் போகும்போது ரொம்பக் கவனம் தேவை. லைட்டைப் போட வேண்டும்.
3. தண்ணீர் தேவையான அளவு குடிக்க வேண்டும். ஆனால் பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.
4. கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.
5. மயங்கியவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ 108க்குக் கூப்பிட வேண்டும்.

காலையில் சாப்பிடாமல் வந்து பிரேயரில் வெயிலில் நின்று மயங்குகிறோமே, அதுவும் இதற்கு நெருங்கின சொந்தம்தான். அதனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது அப்பத்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேரன் பேத்திகள் பெயரைச் சொல்றாங்க. மொத்தம் 11 பேர். நிதானமாக இரண்டு தடவை சொன்னால் ஒரு நிமிடம் ஆகிவிடும். என் பெயர்தான் கடைசி. அதைக் கேட்டதும் நான் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும்.

உங்க வீட்டுப் பெரியவங்களிடமும் இன்றைக்கே கேளுங்கள்: "எந்திரிக்கும்போது கண் இருட்டுதா?" அவங்களாகச் சொல்ல மாட்டாங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி